ஹாலிஸ் கேட்ட செங்கத்தாளை

ஆகஸ்ட் மாதம் இந்தியன் ரிவர் காயலில் மீன் பிடிப்பதென்றால் வெயில் ஏறுமுன் வேலையை முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு தண்ணீர் குளிக்கப் போட்ட வெந்நீர் மாதிரி ஆகிவிடும். மத்தியானம் இடிமழை தவறாமல் வரும். தூண்டிலில் வெகுநேரம் போராடிய மீன் அந்தச் சூட்டில் மூச்சு வாங்கியே செத்துப்போகும். அதனால் சீக்கிரம் இழுங்கள், சீக்கிரம் விடுங்கள் என்று இரைக் கடைப் பலகையில் வாராவாரம் எழுதி வைப்பவன் டெல்மர். வெளியூர்க்காரர்களைப் படகில் கூட்டிப்போய் மீன் காட்டுவது அவன் பிழைப்பு. செங்கத்தாளை அகப்பட்டால் திரும்ப விட்டே ஆகவேண்டும் என்பது இப்போது இந்தக் காயலின் சட்டம். அதை அவனைப் போல உபதேசம் செய்தவன் ஊரில் கிடையாது.

அவனுடைய அப்பா ஹாலிஸ் கேட்டது அந்தச் செங்கத்தாளையைத்தான்.

ஹாலிஸ் வலை போட்டுப் பிழைத்தவர். வலைக்குத் தடை வந்தபோது வீட்டில் முடங்கினார். தடை கேட்டு வாங்கிய தூண்டில்காரர்களைக் கூட்டிப்போகும் இந்தத் தொழிலுக்கு மகன் போனதும் அவனோடு பேச்சையும் குறைத்துக்கொண்டார். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து தட்டைத் தொடவில்லை. இப்படியே போனால் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"என்னதான்பா வேணும், வாயத் தொறந்து சொல்லுங்க."

"செங்கத்தாளை. சோள மாவுல பொரிச்சது. உன்னால ஆகாது, விடு. நீ மீன் கட்சி."

விடிந்தும் விடியாமலும் டெல்மர் புல்மேட்டு ஓரம் படகை நிறுத்தினான். மடவை மீன் கூட்டம் துள்ளிய இடத்தில் வீசியதும் நல்ல செங்கத்தாளை ஒன்று மாட்டியது. ஐஸ் பெட்டி திறந்தே இருந்தது. பார்ப்பதற்குக் கூழைக்கடாக்களைத் தவிர யாருமில்லை. அப்பா தொடாத தட்டு நினைவுக்கு வந்தது. மீனின் வாயைப் பார்த்தால் அதுவும் பாவமாக இருந்தது. கடைசியில் அதைத் தண்ணீரில் பிடித்து, செவுள் சீராகும்வரை காத்திருந்து விட்டுவிட்டான். தன்னையே திட்டிக்கொண்டு பாலத்தடிக்குப் போனான்.

அங்கே தூண்களுக்கிடையே கருங்கத்தாளை படுத்திருக்கும். செங்கத்தாளைக்குப் பங்காளிதான், நிறம் கறுப்பு, தாடையில் மீசை. அதைக் கொண்டுபோகத் தடையில்லை. தோலுரித்துப் பொரித்துவிட்டால் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது, அதிலும் மருந்து தின்று நாக்குச் செத்த மனுஷரால்.

அதில் ஒன்றைப் பிடித்துவந்து பொரித்து, செங்கத்தாளை என்றே வைத்தான். ஹாலிஸ் தட்டை வழித்துச் சாப்பிட்டார். டெல்மருக்குக் கண் கலங்கிவிட்டது. கிழவர் சும்மா இருந்தாரா? பழைய வலைக் கூட்டாளிக்குப் போன் போட்டு, "எம் மவன் எனக்காகச் சட்டத்தையே மீறிட்டான்" என்று பீற்றிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மீன்வளக் காவலர் ரமோனா, அடுத்த தெருக்காரி, சீருடையோடு பின்வாசல் வழியாக வந்தாள்.

"பெரியவரே, செங்கத்தாளை சாப்பிட்டீங்களாமே."

"ஆமா. நான்தான் பிடிச்சேன். என் பேரை எழுதிக்க, அவனை விட்டுரு."

"கட்டில விட்டு எறங்காம எங்க பிடிச்சீங்க?"

"ஜன்னல் வழியா."

டெல்மர் வாயைத் திறந்தான். உண்மையைச் சொன்னால் அவன் பெயர் பிழைக்கும். ரமோனா அவனைப் பார்த்து வேண்டாமென்று லேசாகத் தலையசைத்தாள்.

"இந்த ஒரு தடவை நான் எதையும் பாக்கல. மறுபடி கேள்விப்பட்டா சும்மா விடமாட்டேன்."

பின்வாசலுக்கு அவளோடு போனவனிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இந்த வாளில கெடக்கிற மீசைத் தலைய மொதல்ல நண்டுக்குப் போடு. எந்திரிச்சு வந்து பாத்துரப் போறாரு."

உள்ளே ஹாலிஸ் சட்டியில் மிச்சமிருந்ததில் மகனுக்காக ஒரு துண்டை ஒதுக்கி வைத்திருந்தார்.

"இத்தன வருஷமா உனக்கு மீனுதான் பெருசு, நான் இல்லன்னு நெனச்சிட்டேன்டா. நீயும் தின்னு. நாளைக்கும் கெடைக்குமா?"

"பாக்கறேன்பா."

மறுநாள் இரைக் கடைக்குப் போனான். பலகையில் அவன் எழுதியிருந்ததற்குக் கீழே யாரோ கிறுக்கியிருந்தார்கள்: 'ஊருக்குத்தான் உபதேசம், வீட்டுல பொரியல்.' கடையில் இருந்தவர்கள் அவன் முகத்தையே பார்த்தார்கள். டெல்மர் மேலே இருந்ததை மட்டும் அழித்து, தண்ணீர் இன்னும் சூடு, சீக்கிரம் இழுங்கள், சீக்கிரம் விடுங்கள் என்று புதிதாக எழுதினான். கீழே இருந்ததை அப்படியே விட்டுவிட்டுப் பாலத்தடிக்குப் படகை எடுத்தான்.