ஸ்காட்லாந்திடம் தோற்காதவர்கள்

நியூசிலாந்தின் கறுப்புச் சட்டை ரக்பி அணிக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரை எடுத்திருக்கிறோம் என்பதை எடுக்கப்பட்டவனிடமே முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். நாட்டோடு சேர்ந்து அவனும் டி.வி. முன்னால் உட்கார்ந்து வியர்க்க வேண்டும்.

ராவிரி தொபியா வியர்த்துக்கொண்டிருந்தான். தரனாக்கியின் ஒரு சிற்றூரில், கிளப் கூடத்தில், மனைவி மெரேயின் பக்கத்தில். முன்வரிசையில் நின்று முட்டுகிற ஆள் அவன். முப்பத்தொன்று முடிந்துவிட்டது. இந்தத் தடவை பெயர் வராவிட்டால் இனி எப்போதும் வராது. மிச்ச ஆயுளுக்குப் பண்ணை மாடுகள்தான்.

டி.வி.யில் பெயர் வாசிக்கிறவர் தாளைப் பிரித்தார். அந்த நேரம் பார்த்துக் கிளப் தலைவர் டெஸ்மண்ட் கில்கிறிஸ்ட் மைக்கைப் பிடித்தார். ஆடிய காலமெல்லாம் மாற்று ஆட்டக்காரராக பெஞ்சைத் தேய்த்தவர். ஆனாலும் தேசிய அணியை 'நாம்' என்றுதான் சொல்வார்.

"நண்பர்களே! மூணு தடவ நாம உலகக் கோப்பையத் தூக்கியிருக்கோம். நாலு ஆட்டம் ஆடுனா மூணு நம்மளுது. பூமியில வேற எவன்..."

"டெஸ், வாய மூடுங்க! வாசிக்கிறான்!" என்று கத்தினாள் மெரே.

"முன்னுரைதாம்மா."

முன்னுரை முடிந்தபோது டி.வி.யில் முன்வரிசையும் முடிந்து, இரண்டாம் வரிசை நெட்டைக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். கூட்டம் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது.

"தொபியான்னு சொன்னானா?"

"எனக்கு உலகக் கோப்பை மட்டுந்தான்யா கேட்டுச்சு."

எல்லோரும் டெஸ்மண்டைப் பார்த்தார்கள். டெஸ்மண்ட் மைக்கைப் பார்த்தார்.

"போன்ல பாரேன்," என்றாள் மெரே.

"நீ பாரு."

"எனக்குக் கை ஓடல."

அவனுக்கும் ஓடவில்லை. கடைசி ஆள்வரை வாசித்துவிட்டு, மொத்தப் பட்டியலையும் திரையில் போட்டார்கள். ராவிரி குனிந்து தரையைப் பார்த்தான். மெரேயின் நகம் அவன் கையில் இறங்கியது.

"இருக்குடா. இருக்கு!"

கூரை அதிர்ந்தது. யாரோ அவன் தலையில் பீரைக் கவிழ்த்தார்கள். டெஸ்மண்ட் விட்ட இடத்திலிருந்து உரையைத் தொடர்ந்தார்.

கசாப்புக்கடை நெவில் வந்து எலும்பு நொறுங்கக் கட்டிக்கொண்டார். "மொத ஆட்டமே ஸ்காட்லாந்து. அவங்ககிட்ட நாம ஒரு தடவகூடத் தோத்ததில்ல. தெரியும்ல?"

"தெரியும்."

"என் கொள்ளுத்தாத்தா காலத்துலேர்ந்து."

"தெரியும், நெவில்."

"சும்மா சொன்னேன்."

பீர் ஊற்றும் ஜாய்ஸ் அவன் கன்னத்தைத் தட்டினாள். "நல்லா ஆடுப்பா. திரும்பி இந்த ஊருக்குத்தான வரணும்?"

அடுத்து வந்தவர் கை குலுக்கினார். அவரும் ஸ்காட்லாந்து என்றுதான் ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது.

ராவிரி ஒரு வாய் குடித்தான். கிளாஸை மேசையில் வைத்தான்.

"மெரே, என்னை எடுக்காம விட்டிருந்தா?"

"அழுதிருப்ப. அப்பறம் நிம்மதியாத் தூங்கியிருப்ப. இப்ப சிரி, எல்லாரும் பாக்குறாங்க."