இரண்டாவது தட்டு மீன்

பூட்டுக்காரருக்கு மீன் பொரிக்கும் நாட்களில் மட்டும் மறதி வந்தது. சாப்பிட்டுக் கைகழுவிப் போனவர் சற்று நேரத்தில் திரும்பி வந்து மேசைமுன் உட்காருவார்.

“ஏன் இவளே, இன்னைக்குச் சாப்பாடு கிடையாதா?”

“இப்பதானேங்க சாப்பிட்டீங்க?”

“நானா?” முகம் பச்சைப்பிள்ளை மாதிரி ஆகிவிடும். மனைவிக்கு மனசு கேட்காது. மொறுமொறுவென்று இன்னும் இரண்டு துண்டு தட்டில் விழும்.

காரியம் கச்சிதமாக நடந்துகொண்டிருந்தது, மகள் காதுக்கு எட்டும்வரை.

“ஊர்ச் சாவியெல்லாம் உங்க கையில இருக்குப்பா. யார் வீட்டுச் சாவி யார்கிட்ட போகுமோ? டாக்டர் சரின்னு சொல்லட்டும், அப்புறம் கடையைத் திறக்கலாம்.” கடைச் சாவி அவள் கைப்பைக்குள் போய்விட்டது.

கடைக்குப் போகாவிட்டால் பூட்டுக்காரருக்குப் பொழுதே விடியாது.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “கொழுப்பு எக்கச்சக்கமா ஏறியிருக்கு. ரத்தக்குழாய் அடைச்சா இதயத்துக்கு மட்டுமில்ல, மூளைக்கும் ஆபத்து. மறதி வேற இருக்குங்கறீங்க. எல்லா டெஸ்டும் முடியட்டும், அதுவரைக்கும் கடை வேண்டாம்.”

மகள் கைப்பையை இறுக்கிக்கொண்டாள். மீனா, கடையா? பூட்டுக்காரர் எச்சிலை விழுங்கினார்.

“எனக்கு மறதியே கிடையாது, டாக்டர்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.”

“செவ்வாய்க்கிழமை ரெண்டாவது தட்டுல வால் துண்டு. ஓரம் கருகியிருந்தது. உப்பு ஒரு சிட்டிகை கூட. ஞாயித்துக்கிழமை நடுத்துண்டு, முள்ளே இல்ல. தட்டை வைக்கறப்ப இவ ‘பாவம் மனுஷன்’னு முணுமுணுத்தா.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி பார்த்த பார்வையில் எண்ணெய் இல்லாமலே மீன் பொரிந்திருக்கும்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஞாபகசக்திக்கான கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். பூட்டுக்காரர் எதிலும் தடுமாறவில்லை.

“மூளை கொஞ்சம் அதிகமாவே வேலை செய்யுது. அது இப்படியே இருக்கணும்னா மாத்திரை போடுங்க, பொரிச்சதை விடுங்க. கடைக்குப் போகலாம்.”

சாவி கைக்கு வந்தது.

மறுநாள் மதியம் கடையிலிருந்து கொலைப்பசியோடு வந்தவரை வாசலிலேயே பொரித்த மீன் வாசனை வரவேற்றது. மேசைமேல் ஒரே ஒரு தட்டு, அதன்முன் மனைவி.

“ஏன் இவளே, எனக்குச் சாப்பாடு?”

“இப்பதானேங்க சாப்பிட்டீங்க?” வால் துண்டை நிதானமாகப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு, அவித்த காய்கறிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“பாவம் மனுஷன்.”