எழுபத்தேழும் எண்பத்தெட்டும்

"இங்க ரெண்டு எண்பத்தெட்டு கிடக்கு. எழுபத்தேழு எங்கடா?"

மேஸ்திரி பர்ஸியின் கத்தல் கேட்டதும் ஸால்ஹீன் டீக் குவளையை மணலில் வைத்துவிட்டு ஓடினான். ஆற்றோரக் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்தபோது, ஒவ்வொரு கல்லின் முதுகிலும் கறுப்புச் சாயத்தால் எண் எழுதியவன் அவன்தான். அந்த எண்களை நம்பித்தான் இப்போது மேட்டில் திரும்ப அடுக்குகிறார்கள். கோயில் நின்ற பழைய இடம் அணைத் தண்ணீருக்குள் போய்விட்டது. அவன் ஊரும் பாதி போய்விட்டது. மிஞ்சப்போவது இந்தச் சுவர் ஒன்றுதான்.

எழுபத்தேழுக்கான இடம் பல் விழுந்த ஈறு மாதிரிக் காலியாக இருந்தது. சாந்து பூசியாயிற்று. இந்த வெயிலுக்குக் கால் மணி தாங்கினால் பெரிது.

"எழுதினேன் ரயிஸ். வல்லாஹி, சத்தியமா எழுதினேன்." மேஸ்திரியை அங்கே எல்லாரும் ரயிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அப்ப நைல் குடிச்சிடுச்சா?"

இரண்டு கற்களும் கண்ணுக்கு ஒரே அளவு. செதுக்கியதையெல்லாம் தண்ணீர் என்றோ நக்கித் துடைத்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குச் சட்டென்று புரிந்தது. அவன் எழுதும் அரபி எண்ணில் ஏழு என்பது வாய் திறந்த புனல். கவிழ்த்துவிட்டால் அதுவே எட்டு.

"படகுலேர்ந்து இறக்குறப்ப ஒண்ணைத் தலைகீழா வச்சிருக்காங்க, ரயிஸ்."

"எதை?"

ஸால்ஹீன் இரண்டு கல்லையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எண்ணுக்கு அடியில ஒரு கோடு போடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"போட்டேன் ரயிஸ். அன்னிக்கு மட்டும்... தண்ணி முழங்காலுக்கு வந்துடுச்சு. அவசரத்துல..."

"ஒரு நூல் பிசகினாலும் மேல வாசக்கல்லு உக்காராது. சாந்து இறுகிட்டா உடைச்சுத்தான் எடுக்கணும். உடைக்கிறியா? உங்க ஊர்க் கோயிலை நீயே உடைக்கிறியா?"

பாரந்தூக்கியின் சங்கிலியைப் பிடித்திருந்த மச்சான் தஹாப் மேலிருந்து குரல் கொடுத்தான். "அவரைத் திட்டாதீங்க ரயிஸ், அழுதுடுவாரு. அவர் எழுதினா எழுத்தே அழும். எங்க அக்கா வீட்டுச் சுவத்துல ஒரு முதலை வரைஞ்சாரு பாருங்க, இன்னிக்கு வரைக்கும் கண்ணீர் விடுது!"

கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். ஸால்ஹீன் சிரிக்கவில்லை. சட்டென்று மண்டியிட்டான்.

எழுதும்போது சாயம் வழியும். வழிந்தால் கீழேதான் வழியும். ஆனால் மேஸ்திரி ஏசுவாரென்று தலைப்பாகைத் துணியால் வழிசலையெல்லாம் அவனே துடைத்திருந்தானே! முதல் கல்லைத் தடவினான். சுத்தம். என்றுமில்லாத சுத்தம். இரண்டாவது கல்லும் அப்படித்தான் தெரிந்தது.

"சாந்து காயுது, ஸால்ஹீன்."

எச்சில் தொட்டு மண்ணைத் தேய்த்தான். எட்டின் உச்சி முனையிலிருந்து மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு, மேலே ஓடியது.

"ரயிஸ்... இது மேல பாத்து அழுதிருக்கு!"

பர்ஸி குனிந்து பார்த்தார். பிறகு சாந்தில் விரலை அழுத்தினார். விரல் இறங்கியது, பாதி நகம் அளவுக்கு.

"தஹாப், இதைத் திருப்பு. சீக்கிரம்."

கல் அந்தரத்தில் புரண்டது. எண்பத்தெட்டு எழுபத்தேழானது. தஹாப் சங்கிலியை விட விட அது மெல்ல இறங்கியது. ஈறுக்குள் பல் மாதிரி அமர்ந்த பிறகுதான் ஸால்ஹீன் மூச்சை விட்டான்.

"வழியுறதை இனிமே துடைக்காத," என்றார் பர்ஸி. "நல்லா அழட்டும்."