ஓட்டுவது நான் இல்லையே

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்? இருபத்திரண்டு வருஷமாக ஸ்டியரிங் இல்லாத பக்கத்தில் உட்கார்ந்து கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். எதிரே பஸ் வந்துகொண்டிருக்கும்போது, "டீச்சர், கிளட்ச் எது?" என்று கேட்கிறவர்களோடு பிழைப்பு நடத்துகிறவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? என் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கிறது. ஓட்டுகிறவர் என்ன கூத்தடித்தாலும் அதை மிதித்தால் வண்டி நின்றுவிடும். இந்த ஒரு காலை நம்பித்தான் இத்தனை பேர் தங்கள் உயிரை என்னிடம் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை.

கீறல் எல்லாம் என் வீட்டுக்காரருக்குத்தான். படுத்துக் கண்ணை மூடினால் போதும், எங்கிருந்தோ ஒரு லாரி வந்துவிடும். நான் பிரேக்கை ஓங்கி மிதிப்பேன். பார்த்தால் அது அவருடைய முழங்கால். அவர் அலறிக்கொண்டு எழுவார், அதோடு என் தூக்கமும் போய்விடும். இப்படியே இரண்டு மாதம் ஓடியது. கடைசியில் அவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்து சோபாவுக்குப் போய்விட்டார்.

"ஒண்ணு நீ டாக்டரைப் பாரு. இல்லன்னா நான் எலும்பு டாக்டரைப் பாக்கணும்," என்றார்.

போனேன். டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். பாதிதான், பத்து மணிக்கு, போட்ட பிறகு எட்டு மணி நேரம் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கேட்டுக்கொண்டு நேரே மருந்துக் கடைக்கு வந்தேன்.

கடையில் இருப்பவள் மருந்தம்மா. நான் வைத்த பெயர்தான். நாற்பது வயதிருக்கும். சீட்டை வாங்கி இரண்டு தடவை படிப்பாள், அட்டையைக் கத்தரியால் வெட்டுவாள், கவரின் மேல் சிவப்புப் பேனாவால் எழுதுவாள், எழுதியதை வாய்விட்டும் சொல்வாள். வரிசையில் இருபது பேர் நின்றாலும் அவசரப்பட மாட்டாள். அவளும் என்னிடம்தான் கார் பழகிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், பாதி. பத்து மணிக்கு. நேரமாயிடுச்சுன்னா அன்னைக்குப் போடவே போடாதீங்க. காலையில தள்ளாட்டம் இருக்கும், விழுந்து கையை காலை ஒடிச்சுக்கறவங்க நிறைய பேரு. வண்டி ஓட்டக் கூடாது."

"ஓட்டறது நான் இல்லையே. நான் பக்கத்துலதானே உக்கார்றேன்."

மருந்தம்மா கத்தரியைக் கீழே வைத்தாள். "அப்ப நான் ஓட்டறேன்னு சொல்றீங்களா? எனக்கு இன்னும் ரிவர்ஸே வரல டீச்சர்."

நியாயமான பேச்சுதான். ஆனால் நியாயமாகப் பேசினால் எனக்கு ஏறாது.

கடையில் இப்படி மகாராணியாக நிற்பவள் காரில் ஏறினால் பூனைக்குட்டி. வியர்வையைத் துடைக்கக்கூட என்னைக் கேட்பாள். தப்பு என் மேல்தான். முதல் நாளே சட்டம் போட்டுவிட்டேன். "நான் சொல்லாம திருப்பக் கூடாது. நான் சொல்லாம கியர் மாத்தக் கூடாது. மூச்சு மட்டும் நீயா விட்டுக்கலாம்." மற்றவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். மருந்தம்மா நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஒன்பது நாள் ஒழுங்காகப் பாதி மாத்திரை போட்டேன். ஒழுங்காகத் தூங்கினேன். வீட்டுக்காரர் சோபாவிலிருந்து திரும்பி வந்தார். பத்தாம் நாள் எனக்கு வீம்பு வந்தது. இத்துனூண்டு வெள்ளை மாத்திரையா என்னைத் தூங்க வைப்பது என்று போடாமல் படுத்தேன். பன்னிரண்டு அடித்தது, இரண்டு அடித்தது. மூன்றரை மணிக்குப் பற்களைக் கடித்துக்கொண்டு எழுந்து மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தேன். பாதி இல்லை, முழுசு. என் கோபத்துக்குப் பாதி எந்த மூலைக்கு?

காலை ஏழு மணிக்கு மருந்தம்மா வந்துவிட்டாள். சீட் பெல்ட் மாட்டும் முன் தினமும் கேட்பதைக் கேட்டாள்.

"நேத்து எத்தனை மணிக்குப் போட்டீங்க டீச்சர்?"

"பத்து," என்றேன், வெட்கமே இல்லாமல்.

கண்ணில் மணல் கொட்டினாற்போல் இருந்ததால் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். கடைத்தெருவைத் தாண்டி அகலமான சாலைக்கு வந்தோம். "நான் சொல்ற வரைக்கும் நேரா போ," என்றேன். நேராகப் போனாள். வெயில் இதமாக மடியில் விழுந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அடுத்தது சீட் பெல்ட் நெஞ்சை அறுத்ததும், முழங்கால் முன்னால் போய் ணங்கென்று இடித்ததும்தான்.

"யார் சொல்லி பிரேக் போட்ட?" என்று கத்தினேன். கண் திறக்கும் முன்பே என் வாய் திறந்துவிட்டது.

திறந்து பார்த்தால் அது எந்தச் சாலை என்றே தெரியவில்லை. ஒரு பள்ளிக்கூட வாசல். காவலாளி கையில் பலகையோடு நடுச்சாலையில் நிற்க, பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கடந்துகொண்டிருந்தார்கள். எங்கள் காருக்கு நேர் எதிரே ஒரு சின்னப் பெண்ணின் ஷூ கழன்றுவிட்டது. ஆறு வயதுகூட இருக்காது. விழாமல் இருக்க எங்கள் பானட்டின் மேல் ஒரு கையை ஊன்றி, ஒற்றைக் காலில் நின்று, ஷூவுக்குள் குதிகாலைத் திணித்துக்கொண்டிருந்தாள். எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"யாரும் சொல்லல டீச்சர்," என்றாள் மருந்தம்மா.

குனிந்து என் காலைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, பிரேக்குக்கு ஒரு முழம் தள்ளி, வீட்டில் இருப்பதுபோல் சாவகாசமாக நீட்டிக் கிடந்தது.

மருந்தம்மா ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியை விடாமல் பேசினாள். "இன்னைக்கு நீங்க ஒரு தடவகூடத் திட்டல. பரவாயில்ல, நல்லாதான் ஓட்டறோம் போலன்னு நெனச்சேன். ரெண்டு சிக்னல்ல நின்னு எடுத்தேன். பாலம் ஏறினேன். ஒரு பஸ்ஸுக்கு வழி விட்டேன். எவ்வளவு சந்தோஷமா ஓட்டிட்டு வந்தேன் தெரியுமா? இங்க பிள்ளைங்க இறங்கினதும் உங்க பிரேக் வரும்னு பாத்தேன். எப்பவும் எனக்கு முன்னாடி நீங்க போட்டுருவீங்கல்ல. வரல. அப்புறம்தான் நான் போட்டேன்."

வரல. அந்தச் சொல் என்னை என்னவோ செய்தது. அவள் காத்திருந்த அந்த ஒரு நொடியில் கார் எத்தனை அடி உருண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். தினமும் அந்தக் கணக்கைச் சொல்லித்தான் எல்லோரையும் மிரட்டுகிறேன். 

இந்தக் கேடுகெட்ட நேரத்திலும் என் நாக்கில் ஒரு பொய் தயாராக இருந்தது. "சும்மா கண்ணை மூடிக்கிட்டு உன்னைச் சோதிச்சுப் பாத்தேன். பாஸாயிட்ட." இதைச் சொன்னால் போதும். மருந்தம்மா நம்புவாள். நம்புவது மட்டுமா, பூரித்துப் போவாள். என் இருபத்திரண்டு வருஷப் பெயரும் அலுங்காமல் இருக்கும்.

ஷூவை மாட்டி முடித்த பெண், பானட்டிலிருந்து கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடிப்போனாள்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். "தூங்கிட்டேன்ம்மா. மாத்திரைய மூணரைக்குப் போட்டேன். முழுசு. உன்கிட்ட பத்துன்னு சொன்னது பொய்."

மருந்தம்மா என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. காவலாளி பலகையை இறக்கியதும் இண்டிகேட்டர் போட்டாள், கண்ணாடியைப் பார்த்தாள், சாலையோரமாக ஒதுக்கி நிறுத்தினாள். கை பிரேக்கை இழுத்தாள். இதில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை. ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. பிறகு சாவியை உருவித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"இறங்குங்க. பஸ்ல போயிடலாம். சாவிய நாளைக்குக் கடையில வந்து வாங்கிக்கோங்க." கவரில் எழுதியதைப் படிக்கும் அதே குரல். "வரும்போது மிச்சம் இருக்கற மாத்திரையக் கொண்டு வாங்க. எண்ணிப் பாப்பேன்."

என் வண்டிச் சாவியை நான் கட்டின புருஷனிடம்கூடக் கொடுத்ததில்லை. "சரி," என்றேன்.

இறங்கி நடந்தபோது தரை கொஞ்சம் சாய்ந்தாற்போல் இருந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றதும், கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டுவிட்டேன்.

"இனிமே எங்கிட்ட பழக வருவியா?"

மருந்தம்மா பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியல டீச்சர்," என்றாள். ஆனால் நான் தள்ளாடுவதைப் பார்த்துப் பிடித்த கையை, பஸ் வரும்வரை விடவில்லை.