முதல் பேஸுக்குத் திரும்பிப் போன லைல்

பேஸ்பால் ஆட்டத்தில் இரண்டாம் பேஸில் நிற்கிறவனிடம் யாரும் ஹோம் ரன் எதிர்பார்ப்பதில்லை. குனிந்து பந்தைப் பொறுக்க வேண்டும், கண் இமைப்பதற்குள் திருப்பி வீச வேண்டும், ஓடி வருகிறவன் வந்து மோதினாலும் இடத்தை விட்டு நகரக் கூடாது. அதுதான் அவன் வேலை. வேலிக்கு வெளியே பந்தை அனுப்பி ஹோம் ரன் எடுப்பதெல்லாம் தோள் அகன்ற ஆட்கள் பாடு. அதனால்தான் பிட்மன் ஊர் ஆடுகிற அந்தச் சின்ன லீக்கில், அறுபத்திரண்டு வருஷத்தில் ஒரு இரண்டாம் பேஸ்காரன்கூட இருநூறு ஹோம் ரன் அடித்ததில்லை. லைல் வோந்த்ரா நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் வந்து நின்றான்.

நின்றவன் ஆறு வாரமாக அங்கேயே நின்றான்.

முப்பத்தெட்டு வயது. வலது முழங்கால் படி ஏறும்போது நறநறக்கும். இந்த சீசனோடு சரி என்று வசந்தத்திலேயே சொல்லிவிட்டான். இன்று ஞாயிற்றுக்கிழமை, கடைசி ஆட்டம். இன்று இல்லையென்றால் இனி என்றைக்கும் இல்லை.

ஊர் சும்மா இருக்கிறதா என்றால் இல்லை. கறிக்கடைக்காரர் கேட்கிறார், பாதிரியார் கேட்கிறார், பல் டாக்டர் வாய்க்குள் கருவியை விட்டுவிட்டு "இன்னிக்கு அடிச்சுடுவியா?" என்று கேட்கிறார். அவன் என்ன பதில் சொல்ல முடியும், பாவம். குழுவில் இதற்கு நேர் எதிர். அந்த எண்ணை வாயில் எடுத்தாலே ராசி போய்விடும் என்று ஒருவரும் எடுப்பதில்லை. "இன்னும் எரநூறு மைல் இருக்குப்பா" என்று ஒரு பையன் பஸ்ஸில் வாய்விட்டதற்கு, மென்றுகொண்டிருந்த சூரியகாந்தி விதையை எல்லாரும் அவன் தலையில் கொட்டினார்கள். லைலுக்கு எது மோசம் என்று தெரியவில்லை, கேட்கிறவர்களா, கேட்காதவர்களா.

காலையில் அவன் மனைவி ஜோலின் பாதாமி பழம் வைத்த கொலாச்சி ரொட்டியைத் தட்டில் வைத்தாள். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தின்னேன்."

"எறங்க மாட்டேங்குது."

"நீ அடிக்கலைன்னாலும் நான் உன்னை வீட்டுக்குள்ள விடுவேன்."

"ஊர் விடணுமே."

"ஊருக்கு வேற வேலை இல்ல. எனக்கு இருக்கு. உன் ஆட்டத்தைப் பாக்க வர்றதுக்கு ஆறு வாரமா ஆஸ்பத்திரியில ஒவ்வொருத்திகிட்டயும் ஷிப்ட் மாத்தச் சொல்லிக் கெஞ்சி, அவளுங்க என்னைப் பாத்தாலே ஓடுறாளுங்க. இன்னியோட விட்டது சனின்னு வா."

ஆட்டத்தில் முதல் தடவை அடித்தது நேராக மேலே போய், எதிராளி கையில் சொத்தென்று விழுந்தது. இரண்டாம் தடவை மட்டை காற்றைத்தான் அடித்தது. மூன்றாம் தடவை, ஆறாவது இன்னிங்ஸில், உள்ளே வந்த பந்தை ஓங்கி அடித்தான். பட்ட சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதிர்க்காற்று.

பதினாறு வருஷம் ஆடினவன் பந்தை அடித்துவிட்டு அதைப் பார்த்ததே கிடையாது. தலையைக் குனிந்து ஓடுவான், அவ்வளவுதான். இன்று பார்த்தான். இடப்பக்க வேலியை நோக்கிப் பந்து போகிறது, காற்று தள்ளுகிறது, வேலியடியில் நிற்கிறவன் கையைத் தூக்குகிறான். போ, போ என்று அதையே பார்த்துக்கொண்டு ஓடினான். பந்து வேலியைத் தாண்டி, கார்கள் நிற்கிற இடத்தில் எதன் மேலோ 'ணங்'கென்று விழுந்தது. கூட்டம் எழுந்துவிட்டது. முதல் பேஸ் பக்கம் நின்று வழிகாட்டுகிற வெண்டல், தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார்.

இரண்டாம் பேஸுக்குக் கிட்டத்தில் வந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. முதல் பேஸின் வெள்ளைத் திண்டு காலில் படவே இல்லை.

வேலிக்கு வெளியே அடித்தாலும் நாலு பேஸையும் மிதித்துச் சுற்றினால்தான் கணக்கு. ஒன்றை விட்டு, எதிராளி அதைக் கண்டு முறையிட்டால் ஆள் அவுட், ஹோம் ரன் இல்லை. எதிராளி முறையிட்டால்தான். யார் பார்த்திருப்பார்கள்? எல்லாக் கண்ணும் பந்தின் மேல் இருந்தது.

ஆனால் அவனுக்குத் தெரியும், எதிரணியில் ஒருத்தனாவது பார்த்திருப்பான். பதினாறு வருஷமாக அப்படி அடுத்தவன் காலைப் பார்த்து நின்றவன் லைல்தானே. போன வருஷம்கூட ஒரு சின்னப் பையனுடைய முதல் ஹோம் ரன்னை இவன்தான் சொல்லி ரத்து செய்ய வைத்தான். அந்தப் பையன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததை நினைத்து லைலுக்கு அன்று சாப்பாடு செல்லவில்லை. ஆனாலும் சொன்னது தப்பென்று தோன்றியதில்லை.

இரண்டாம் பேஸைத் தொட்டுவிட்டால் பிறகு திரும்பிப் போக விதி விடாது. இன்னும் இரண்டு எட்டு தூரம் இருந்தது. நின்றான்.

"என்ன தாத்தா, வழி மறந்துபோச்சா?" என்றான் அங்கே நின்ற எதிராளி. "இந்தப் பக்கம்தான்."

லைல் திரும்பி ஓடினான். ஆரவாரம் பாதியில் அறுந்தது. கூட்டத்தில் ஜோலின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடா பண்றே, முன்னாடி போடா," என்று வெண்டல் கையை வீசினார்.

"மிதிச்சேனா?"

"அதை யாருடா பாத்தா? நான் பந்தைப் பாத்தேன்."

லைல் திண்டின் மேல் ஏறி, கரப்பான்பூச்சியைக் கொல்கிறவன் மாதிரி இரண்டு காலாலும் மிதித்தான். எதிரணியின் முதல் பேஸ்காரன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்பயர் கையைப் பின்னால் கட்டி நின்றார், சாத்தின கதவு மாதிரி முகம். எதிராளி கேட்காமல் அவர் எதுவும் சொல்லக் கூடாது.

மறுபடி கிளம்பி, ஒவ்வொரு பேஸாகக் குனிந்து பார்த்துப் பார்த்து மிதித்துச் சுற்றி வந்தான். தன் ஆட்கள் உட்காருமிடத்துக்குள் நுழைந்தால், ஒருவனும் திரும்பவில்லை. பெரிய அடி அடித்தவனை முதலில் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருப்பது இந்த ஆட்களுக்கு வழக்கம். எல்லாரும் மைதானத்தைப் பார்த்து விதை மென்றுகொண்டிருந்தார்கள். லைலும் அவர்களைப் பார்க்கவில்லை. அவன் கண் முதல் பேஸில் இருந்தது.

நினைத்தது நடந்தது. எதிரணி மேனேஜர் ஏதோ கத்த, பந்து வீசுகிறவன் மேட்டைவிட்டு இறங்கி முதல் பேஸுக்கு வீசினான். அதை வாங்கி, திண்டை மிதித்துக்கொண்டு, அவுட்டா என்று அம்பயரிடம் கேட்டான் அந்த வானம் பார்த்தவன்.

விதை மெல்லுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

அவுட் இல்லை என்று அம்பயர் இரண்டு கையையும் அகல விரித்தார்.

"எப்படி?" என்று மேனேஜர் ஓடி வந்தார். "அவன் தாண்டிப் போனான், என் ஆள் பாத்தான்."

"நானும் பாத்தேன். மொத தடவை மிதிக்கலை," என்றார் அம்பயர். அவர் குரல் இருபது அடி தள்ளி இவர்களுக்கும் கேட்டது. "ரெண்டாந்தடவை நல்லாவே மிதிச்சான். அதுக்குள்ள ரெண்டாம் பேஸைத் தொடலை. போங்க, ஆட்டத்தை ஆடுங்க."

வெண்டல் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். "என் பேச்சைக் கேட்டிருந்தா அவுட்டாயிருப்பான்," என்று யாரிடமோ சொன்னார்.

அதற்குமேல் பையன்களால் வழக்கத்தைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரே குவியலாக அவன் மேல் விழுந்தார்கள். ஆறு வாரமாகப் பூட்டி வைத்திருந்த எண்ணை ஒவ்வொருவனும் அவன் காதுக்குள் நூறு தடவை சொன்னான். "முட்டி, முட்டியைப் பாத்துடா," என்று அடியிலிருந்து லைல் சொல்லிக்கொண்டே இருந்தான். சிரிக்கிறானா அழுகிறானா என்று அவனுக்கே தெரியவில்லை. நெஞ்சுக்குள் யாரோ கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டது மாதிரி இருந்தது.

எட்டாவது இன்னிங்ஸில் மறுபடி அவன் முறை வந்தது. மூன்று பந்து, மூன்றுக்கும் மட்டையைச் சுழற்றினான், ஒன்றும் படவில்லை. அவுட்டாகி இவ்வளவு சந்தோஷமாக நடந்து வந்த ஆளை அந்த ஊர் பார்த்ததில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஜோலின் கம்பி வேலியோரம் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"நீ எதுக்குத் திரும்பி ஓடினேன்னு பக்கத்துல இருந்தவங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. நான் உனக்கு மூளை கலங்கிடுச்சுன்னு நெனைச்சேன்."

"எனக்கும் அப்படித்தான் இருந்துது."

"இருநூத்தி ஒண்ணு வேணுமா?"

"வேண்டாம் தாயே."

"அப்ப நாளைக்கு எங்கயும் போக வேண்டாம்ல?"

"எங்கயும் போக வேண்டாம்," என்றான் லைல். சொல்லிவிட்டு, பசி எடுப்பதைக் கவனித்தான். "வீட்டுல சாப்பிட என்ன இருக்கு?"