இடது கன்னத்துக் கலவரம்

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் தனுஷ்கோடி தினமும் காலையில் சொற்பொழிவு ஆற்றுவார். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: பீடியின் தீமைகள். போன வருடம் மில் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே பீடிக்கட்டைச் சாக்கடையில் வீசினார். ஊரே பாராட்டியது. பேசும்போது அவருடைய இடது கன்னம் மட்டும் சற்று உப்பியிருக்கும். ஞானம் முற்றினால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து யாரும் காரணம் கேட்கவில்லை.

அது தொண்ணூற்றெட்டு. தேர்தல் முடிந்த சூட்டோடு, மனைவி பரிபூரணத்துடன் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். டாக்டர் ஆராவமுதன் மதுரையிலிருந்து வந்திருந்த ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சி.ஆர்.பி. ஜாஸ்தியா இருக்கே தனுஷ்கோடி. போன தடவையும் இப்படித்தான்."

"சி.ஆர்.பி.யா? அவிய எலெக்சனுக்கு வந்துட்டு அப்பவே லாரி ஏறிப் போயிட்டாவளே டாக்டரய்யா!"

"அது போலீசு. இது ரத்தத்துல இருக்கற ஒரு புரதம். ஆனா ரெண்டும் ஒரே ஜாதி. எங்கயாவது கலவரம்னாத்தான் கூட்டமா வரும். உடம்புல எங்கயோ புண்ணோ வீக்கமோ இருக்கு. ஒரு தடவை அட்டாக் வந்தவாளுக்கு இது இறங்காமலே நின்னா, இன்னொண்ணு வர்றதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி."

தனுஷ்கோடிக்கு மறுபடியும் அந்த மில் வாசல் கண்முன் வந்தது.

"காய்ச்சல்? இருமல்?"

"இல்லய்யா."

"பீடி?"

"ஆண்டாள் சத்தியமா தொடலய்யா!"

அத்தனையும் உண்மை. பரிபூரணம் குறுக்கே புகுந்தாள்:

"ஏங்க, இடது கன்னத்துல ஒருத்தரு குடியிருக்காரே, அவரையும் டாக்டருக்குக் காட்டிருங்க."

"ஏட்டி, சும்மா இரு! அது வெறும் போயிலை. புகையே வராது டாக்டரய்யா!"

வாயைத் திறக்கச் சொன்ன டாக்டர் ஓரடி பின்வாங்கினார். ஈறு முழுவதும் வீங்கிச் சீழ் வைத்திருந்தது.

"பல்லு வலிக்கலையா?"

"வலிக்கும். அதுக்குத்தான் இன்னும் கொஞ்சம் போயிலை வைப்பேன்."

"கலவரக்காரனையே காவலுக்குப் போட்டிருக்கேள்!"

இரண்டு கடைவாய்ப் பற்கள் போயின. புகையிலை அதைவிட மெதுவாகப் போனது, பரிபூரணம் துரத்தினாள். அடுத்த ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. நன்றாக இறங்கியிருந்தது. "அதுக்காக ஹார்ட் மாத்திரையை நிறுத்திடாதேள்" என்றார் டாக்டர், இந்த முறை சிரித்துக்கொண்டே.

மறுநாள் டீக்கடையில் சொற்பொழிவின் தலைப்பு மாறியிருந்தது. கன்னம் ஒட்டியிருந்ததால் பேச்சு தெளிவாக வந்தது.

"ஏலே, கேட்டுக்கோங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா அது கோர்ட்டு. கேக்காததையும் சொன்னாத்தாம்லே அது வைத்தியம். நம்ம வாய் மறைச்சாலும் ரத்தம் காட்டிக் குடுத்துரும். பீடியை விட்டவன் போயிலையையும் விடணும். இல்லேன்னா அவன் விட்டது புகையை மட்டுந்தான்."