கடைசி வெள்ளைப் பக்கம்

பீரோவின் மேல்தட்டில் இருந்த புத்தகங்களையெல்லாம் ஷைனி தரையில் இறக்கிவிட்டாள். அவள் தேடிய நாவல் அதில் இல்லை.

முன்னறையில் அம்மா கிடந்தாள். காலை ஆறரை மணிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்த ஆனந்தமேரி அடுப்படியிலேயே சரிந்துவிட்டாள். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு அப்பாவின் தோளைத் தொட்டார். அவ்வளவுதான். இப்போது மணி ஒன்பதே கால்.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த ஷைனி கண் வங்கிக்கு ஏற்கெனவே பேசிவிட்டாள். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், அதுவரை மின்விசிறியை நிறுத்தி, தலையை உயர்த்தி, மூடிய கண்கள்மேல் ஈரப் பஞ்சு வையுங்கள் என்றார்கள். கணவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார்கள். அங்கேதான் சிக்கல்.

அப்பா ராயப்பராஜ் லாரி புக்கிங் ஆபீஸில் முப்பது வருடம் மேனேஜராக இருந்தவர். வீட்டிலும் அவரிடம் ஒன்றைச் சொல்ல நேரம் பார்க்க வேண்டும். அவருடைய அக்கா மரியபுஷ்பம், உயிர்த்தெழுகிற நாளில் ஆனந்தமேரி கண் இல்லாமல் எழுந்து நிற்பாளா என்று கேட்டு, பஞ்சை எடுக்கப் போனாள். ஷைனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வந்திருந்த பெண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அம்மா போன மாதம் போனில் சொன்னதை ஷைனி அப்பாவிடம் சொன்னாள். கண்ணைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு புத்தகத்தில் எழுதி வைத்திருப்பதாக அம்மா சொல்லியிருந்தாள்.

"எங்கிட்ட சொல்லலையே," என்றார் அப்பா. பிறகு, "அவ கையெழுத்தக் காட்டு. போட்றேன்," என்றார்.

தேடியது ஒரு இளம்பெண் எழுதிய முதல் நாவல். அறிவியல் புனைகதை. புத்தகத் திருவிழாவில் அட்டையைப் பார்த்து வாங்கினாள் அம்மா. முந்நூறு வருடம் பயணம் போகிற விண்கலம் ஒன்று. அதில் சாகிறவர்கள் தங்கள் கண்களைப் பிறக்கிறவர்களுக்கு விட்டுப் போகிறார்கள், போய்ச் சேருகிற மண்ணை அந்தக் கண்களாவது பார்க்கட்டும் என்று. அம்மா அதை மூன்று தடவை படித்தாள். போன் செய்கிறபோதெல்லாம் ஷைனியைப் படிக்கச் சொன்னாள். ஷைனி படிக்கவில்லை.

மெடிக்கல் ஷாப் ஜீனத் கடையை அடைத்துவிட்டு ஓடி வந்தபோதுதான் புத்தகம் போன வழி தெரிந்தது. அம்மா அதை ஜீனத்துக்குக் கொடுத்திருக்கிறாள். ஜீனத், மனைவிக்கு இன்சுலின் வாங்க வருகிற வேலுசாமிக்குக் கொடுத்திருக்கிறாள். அவருக்கு வடமதுரை தாண்டி உள்ளே தோட்டம். அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

"நீ போ. பஞ்சு காயாம நா பாத்துக்கறேன்," என்று ஜீனத் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

ஷைனி ஸ்கூட்டியை எடுத்தாள். திருச்சி ரோட்டில் லாரிகள் உரசிக்கொண்டு போயின. வடமதுரை தாண்டி இரண்டு இடத்தில் வழி கேட்டு, மண்பாதையில் இறங்கியபோது பத்தே கால். கத்தரிச் செடிகளுக்கு நடுவில் இருந்து வேலுசாமி நிமிர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னதும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"அந்த அம்மாவுக்கா?" என்றார். அம்மாவை அவர் பார்த்ததே இல்லை.

மோட்டார் ரூமுக்குள் ஆணியில் மாட்டியிருந்த உரப் பையில் புத்தகம் இருந்தது. கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்துவிட்டுக் கொடுத்தார்.

"கடைசிப் பக்கத்தப் பாரு தாயி. அவுங்க எழுதிக்கிட்டது அதுலதான் இருக்கு."

நாவல் முடிந்த பிறகு வந்த வெள்ளைப் பக்கத்தில் அம்மாவின் சாய்ந்த எழுத்து. *என் கண்ணையும் இப்படிக் கொடுக்கணும்.* அடுத்த வரியில், *அவர்ட்ட சொல்லணும். பயமா இருக்கு.* அதன் கீழே ஜீனத் பச்சை மையில் *சொல்லிட்டீங்களாக்கா?* என்று கேட்டிருந்தாள். அதற்குக் கீழே மறுபடியும் அம்மா. *அவரு நல்ல மனநிலையில இருக்கைல சொல்லணும். பாத்துக்கிட்டே இருக்கேன்.*

ஷைனி புத்தகத்தை மூடிக்கொண்டு கிளம்பினாள். திரும்பும் வழியில் ஒரு புளிய மரத்தடியில் வண்டியை நிறுத்தினாள். முதல் வரி மட்டும் தெரியும்படி போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினால் போதும். இல்லையென்றால் கீழ்ப்பகுதியைக் கிழித்துவிடலாம். மடித்துப் பார்த்தாள். மடிப்பை நீவி விட்டாள். மணி பத்து ஐம்பது ஆகிவிட்டது. அப்படியே வண்டியை எடுத்தாள்.

வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். அப்பா முன்னறைச் சுவரோரம் நாற்காலியில் இருந்தார். ஷைனி பக்கத்தை விரித்து நீட்டினாள். முதல் வரிக்குக் கீழே எல்லாவற்றையும் அவளுடைய உள்ளங்கை மறைத்திருந்தது.

அப்பா முதல் வரியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"கைய எடு," என்றார்.

"அம்புட்டுத்தாம்ப்பா."

"எடும்மா."

எடுத்தாள்.

அவர் படித்து முடிக்க வெகுநேரம் ஆனது. மிச்சம் மூன்று வரிதான். அறையில் இருந்த எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் ஜீனத்தைப் பார்த்தார்.

"இது எப்ப எழுதுனது?"

ஜீனத் பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"ஆகஸ்ட்லண்ணே."

இப்போது ஜனவரி. அப்பா விரல்களை மடக்கவில்லை, ஆனால் எண்ணுகிறார் என்று ஷைனிக்குத் தெரிந்தது. அத்தை, "தம்பி, பங்குச் சாமியார ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்று ஆரம்பித்தாள். அவர் கையை லேசாக உயர்த்தினார்.

"அவுங்கள வரச் சொல்லு," என்றார்.

பதினொன்றே முக்காலுக்கு இரண்டு பேர் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார். எப்போதும் ஒரே இழுப்பில் போடுகிறவர், அன்று ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். கதவைச் சாத்திய பிறகு இருபது நிமிடம் அவர் அதற்கு எதிரேயே நின்றார். ஷைனி நாற்காலி கொண்டு வந்தாள். உட்காரவில்லை.

அவர்கள் வெளியே வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அம்மாவின் இமைகள் முன்போலவே மூடியிருந்தன. அத்தை குனிந்து பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள்.

இரண்டு மணிக்கு மேல் வேலுசாமி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் சம்பங்கி மாலை. மாலையை வைத்துவிட்டு அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதுதான் முதல் தடவை. பிறகு வெளியே வந்து பந்தலில் ஓரமாக நின்றார். அப்பா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பாவின் மடியில் புத்தகம் இருந்தது.

"நீங்க படிச்சு முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார் அப்பா.

"இன்னும் நாப்பது பக்கம் இருக்குங்க. நீங்க படிங்க, பொறவு வாங்கிக்கிறேன்."

"எனக்கு வெளங்குமா?"

வேலுசாமி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"ஆளுக பேருதான் வாயில நொழையாது. ஒரு தாள்ல எழுதி வச்சுக்கிட்டுப் படிங்க. சரியாப் போகும்."

"எத்தன பேரு?"

"பதினோரு பேரு. நாலு பேரு பாதியிலயே போயிருவாங்க."

அப்பா தலையாட்டினார். உள்ளே பெண்கள் ஜெபமாலையைத் தொடங்கியிருந்தார்கள். தெருமுனையில் கோயிலின் சவ வண்டி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவர் முன்னே ஓடிப்போய், சைக்கிள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரோரம் வைத்தார்.